திரும்பி வந்த கொடி

நெட்டா: கதவச் சாத்துடா. சாத்துன்னா! வெளிய பேண்டு சத்தம் போட்டா போடட்டும். இப்ப நான் போடற சத்தத்துல அது அடங்கிரும்.

டூகல்: அக்கா, முதல்ல இந்த ஈர பூட்ஸக் கழட்டிக்கறேன்...

நெட்டா: கழட்டாத. கோடாரி எங்க?

டூகல்: வெளிய... சுவத்துல சாத்தி வச்சிருக்கேன்.

நெட்டா: மழையிலயா! அப்பா அதுக்கு எண்ணெ தடவி, துணி சுத்தி வச்ச மனுஷன். சரிதான், இனிமே அதுக்கு என்ன மரியாத? வருஷா வருஷம் ஊர்க் கொடியோட எல்லையச் சுத்தி வர்ற எல்லைச் சவாரியில குதிரைக்கு முன்னால கோடாரியோட உன்னை எதுக்குடா நடக்க விடறாங்க? தோள்ல வச்சு அழகு பாக்கவா?

டூகல்: மணிக்கட்டு பிசகிடுச்சுக்கா...

நெட்டா: எந்தக் கை?

டூகல்: வலது.

நெட்டா: காலைல சவாரிக்கு முன்னால குடுத்த ரம் ஊத்தின பால அந்தக் கையாலதான வாங்கி வாங்கிக் குடிச்ச? அப்பப் பிசகல?

டூகல்: அதுக்கப்புறம்...

நெட்டா: வாய மூடு! தாத்தா காலத்துல ஒரு துரை அதே இடத்துல வேலி போட்டான். வெட்டி எறிஞ்சிட்டுக் கொடி போச்சு. அப்பா காலத்துல முள்கம்பி. அதுவும் போச்சு. இன்னிக்கு இந்த எஸ்டேட்டுக்காரன் போட்ட ஒரு கேட்டு, அதுல உள்ளங்கை அளவுப் பூட்டு. நீ கோடாரிய ஓங்கின... ஓங்கிட்டுக் கீழ எறக்கிட்ட. நம்ம கெர்ஹோப் ஊர்க் கொடி அப்படியே திரும்பி ரோட்டு வழியா வருது, கல்யாணத்துல சோறு கெடைக்காதவன் மாதிரி!

டூகல்: குதிரைங்க மிரண்டுச்சு. உடைச்சிருந்தா யாராவது விழுந்திருப்பாங்க.

நெட்டா: ஓஹோ... எஸ்டேட்டுக்காரன் எத்தனை பாட்டில் அனுப்பினான்?

டூகல்: அக்கா!

நெட்டா: நான் கேக்கலடா. கசாப்புக் கடை ஜீன் கேக்கறா. பஸ் ஓட்டற சாண்டி கேக்கறான். ‘உன் தம்பி விலைக்குப் போயிட்டானா நெட்டா’ன்னு எம்மூஞ்சிக்கு நேரா! நான் என்ன சொல்றது, மணிக்கட்டு பிசகிடுச்சுன்னா?

டூகல்: ஊரு என்ன வேணா பேசட்டும். நீ பேசாத. நீ அப்படிக் கேக்காத.

நெட்டா: ஏன் கேக்கக் கூடாது? அந்தக் கேட்டுக்கு அந்தப்பக்கம் என்னடா இருக்கு? சொல்லு. ஊர் ஆடு மேயுற மேடு. நாம விழுந்து பொரண்ட மேடு. அங்க சுனைகிட்டதான எங்க வீட்டுக்காரர் சாம்பலத் தூவினேன்? நாளைக்கு அவருக்கு ஒரு பூவு வைக்க நான் எவன்கிட்டடா போயி அனுமதி கேக்கணும்? இன்னிக்குக் கொடி போகலன்னா, ‘நீங்களே விட்டுட்டீங்க, இனிமே இது ஊர் வழி இல்ல’ன்னு வக்கீல வச்சுப் பேசுவான் அவன். அது தெரியாதா உனக்கு?

டூகல்: தெரியும்.

நெட்டா: தெரிஞ்சுமா!

டூகல்: கொடி இன்னும் சந்தைத் தூண்ல ஏறல. இருட்டறதுக்குள்ள ஏத்தினா போதும். அதுவரைக்கும் சவாரி முடியலன்னுதான கணக்கு...

நெட்டா: அட, கணக்கு மட்டும் நல்லாத் தெரியுது! அப்பப் போயி உடைக்க வேண்டியதுதான? இங்க ஏன் நனைஞ்ச கோழியாட்டம் நிக்கற?

டூகல்: என்னால முடியாதுக்கா.

நெட்டா: ஏன்?

டூகல்: கேக்காத.

நெட்டா: கேப்பேன். ஃபின்லே குதிரையிலேர்ந்து குனிஞ்சு உன் காதுல ஏதோ சொன்னான். நான் பின்னால நடந்து வந்தவதான், கண்ணு அவிஞ்சு போகல. என் புள்ள, இந்த வருஷத்துக் கொடிக்காரன், கொடியப் புடிச்சுக்கிட்டு மாமன் காதுல என்ன சொன்னான்?

டூகல்: ‘சீக்கிரம் உடைங்க’ன்னான்.

நெட்டா: பொய்! அவன் மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு.

டூகல்: அவ்வளவு பாத்தவ நீ ஏன்க்கா சும்மா இருந்த? கூட்டத்தத் தள்ளிக்கிட்டு கேட்டுக்குப் பக்கத்துல வந்தியே. பூட்டத் தூக்கிப் பாத்தியே. அப்புறம் ஒரு வார்த்த பேசாமத் திரும்பிட்ட. ஊருக்கே வாய் குடுக்கறவ... அப்ப எங்க போச்சு அந்த வாய்?

நெட்டா: பேச்ச மாத்தாத.

டூகல்: கைய ஏன் ஏப்ரன் பையிலயே வச்சிருக்க? வந்ததுலேர்ந்து பாக்கறேன்.

நெட்டா: குளிருது. நீ பதில் சொல்லு. விலைக்குப் போனியா, இல்லியா?

டூகல்: நான் போகல!

நெட்டா: அப்ப யாரு போனது?

டூகல்: விடுக்கா.

நெட்டா: அப்பா உன் கையில அந்தக் கோடாரியக் குடுத்ததே தப்பு. கோழைக்குப் பொறந்த... இல்ல, அப்பாவச் சொல்லக் கூடாது. நீயே கோழ. ஊருக்கு முன்னால நான் சொல்லப் போறேன், ‘என் தம்பி கோழ’ன்னு...

டூகல்: சொல்லு! போயி தூண் மேல ஏறி நின்னு சொல்லு! கூடவே இதையும் சொல்லு. ‘மாமா, அடிக்காதீங்க, பூட்டினது நான்தான்’னான் உன் புள்ள. எஸ்டேட்ல காவல் வேலையாம், அவன் விரும்பற பொண்ணக் கட்டிக்கிட்டுக் குடியிருக்க ஒரு வீடாம், கொடி திரும்பினாத்தான் ரெண்டும் உண்டுன்னு எஸ்டேட்டுக்காரன் சொல்லிட்டானாம். கொடியப் புடிச்சுக்கிட்டு அழறான்க்கா அவன்! அத்தனை பேருக்கு முன்னால நான் யார வெட்டறது, பூட்டயா, அவனையா? அதான் எறக்கினேன். கோழன்னு என்னையே சொல்லிட்டுப் போகட்டும்னு எறக்கினேன். போதுமா? இப்பச் சந்தோஷமா? அக்கா... நீ உக்காரு. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்...

நெட்டா: தெரியும்டா. இந்தா, இவ்ளோ நேரம் பையில கைய விட்டு நான் என்ன புடிச்சிருந்தேன்னு பாத்துக்க. அந்தப் பூட்டோட மறு சாவி. என் கடைப் பூட்டு, ‘கொட்டாய்க்கு வேணும்மா’ன்னு ஃபின்லேதான் எடுத்துட்டுப் போனான், ஒரு சாவிய மேசையிலயே விட்டுட்டான். கேட்டுல பூட்டத் தூக்கிப் பாத்ததுமே புரிஞ்சு போச்சு. இந்தக் கையாலயே திறந்திருக்கலாம்... சாவி எப்படி வந்துச்சுன்னு ஊரு கேக்குமேன்னு, எம்புள்ளைக்காக, நானும் வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பி நடந்தேன். அந்த வயித்தெரிச்சலத்தான் உன் மேல கொட்டிட்டேன். வேணாம், சாவிய வாங்காத, அதப் போட்டுத் திறந்தா அது எஸ்டேட்டுக்காரன் கேட்டுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. போயி கோடாரியத் தொடச்சு எடு. ஃபின்லேயக் கூப்புடு, கொடியோட வரட்டும். அவனே சொல்லட்டும் ஊருக்கு முன்னால. அவன் வாய் திறக்கலன்னா, அவங்கப்பா சாம்பலுக்கு முன்னால நின்னு நான் சொல்றேன்.