காமாலை டார்ச்

— ஏங்க, கட்டு பிரிச்சு முழுசா ஒரு நாள் ஆகலை. அதுக்குள்ள கட்டில் பூரா டார்ச்சைப் பரப்பி வச்சிருக்கீங்களே, டாக்டர் என்ன சொன்னார்?

— வெளிச்சத்தைப் பார்க்காதேன்னார். நான் எங்க வெளிச்சத்தைப் பார்க்கறேன்? சுவத்தைப் பார்க்கறேன்.

— நல்ல நியாயம். புரை எடுத்த கண்ணு, அடக்க ஒடுக்கமா இருங்கன்னு கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லி அனுப்பினார்.

— நாளைக்கு எங்க டார்ச் சங்கத்துல மீட்டிங். பெட்டியில வைக்க ஒரே ஒரு டார்ச்தான். அதைப் புதுக் கட்டடத்துச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசிடுவாங்க. அம்பது வருஷம் கழிச்சு உடைச்சு எடுக்கறப்ப, அன்னைக்கு இருக்கற ஜனங்க 'அடேயப்பா, அந்தக் காலத்து எல்.இ.டி. டார்ச்சுன்னா இதுதான்யா'ன்னு வாயைப் பிளக்கணும். எதை வைக்கறதுன்னு தீர்ப்புச் சொல்லவேண்டியவன் நான். நடுவர்! உனக்கு விளையாட்டா இருக்கு.

— அம்பது வருஷத்துல பேட்டரி ஒழுகி, பிசுபிசுன்னு பசைதான் இருக்கும்.

— பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் வைப்போம். எங்களை என்னன்னு நினைச்சே?

— சொன்னா வருத்தப்படுவீங்க. சரி, இந்த எருமையை வச்சிடுங்களேன். வீட்டை விட்டாவது ஒழியும்.

— எருமையா? லட்சம் லூமன் வெளிச்சம்!

— லட்சமோ கோடியோ. உள்ள ஃபேன் வேற ஓடுது. ஒரு நிமிஷம் ஊரையே கொளுத்தற மாதிரி எரியுது, அப்புறம் பொசுக்குன்னு படுத்துக்குது. போன வருஷம் நியூஸ் பேப்பரைப் பொசுக்கிச்சே, அது ஒண்ணுதான் அது உருப்படியா செஞ்ச வேலை.

— அதனாலதான் அது வேணாம்ங்கறேன். வெத்து ஜம்பம் சரித்திரத்துல நிக்காது. அதோ, அந்த நீளக் கழுத்துக்காரன் இருக்கானே, ஒரு கிலோமீட்டர் அடிப்பான்...

— அதை வச்சு எதிர் மாடியில என்ன துணி காயுதுன்னு நீங்க பார்க்கப்போய், அவங்க வீட்டுக்காரர் வந்து வாசல்ல நின்னு கத்தினாரே. அது நிக்கும் சரித்திரத்துல.

— தூரம் எவ்வளவு போகுதுன்னு டெஸ்ட் பண்ணினேன்டி!

— அவரும் அதைத்தான் கேட்டார், எவ்வளவு தூரம் போவீங்கன்னு. இந்தச் சாவிக்கொத்து டார்ச்சு? கைக்கு அடக்கமா இருக்கு.

— குட்டிச்சாத்தானா? அது தொலைஞ்சா அதைத் தேட இன்னொரு டார்ச் வேணும். உனக்கு ஏன் வீண் கவலை? பெட்டிக்குப் போறது பால்வெள்ளைதான். பத்து வருஷமா அதைத்தான் சொல்லிட்டு வர்றேன், அதைவிடச் சுத்தமான வெள்ளை இந்த உலகத்துல... ஏய். இங்க வா. இதுக்கு பேட்டரி மாத்தினியா?

— நான் எதுக்கு மாத்தறேன்? எனக்கென்ன வந்தது?

— இது ஏன் நீலமா இருக்கு?

— எது?

— பால்வெள்ளை! சுவத்தைப் பாரு, சொட்டு நீலத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி.

— அது எப்பவுமே அப்படித்தாங்க. அதை அடிச்சா நாம எல்லாரும் செத்து ரெண்டு நாள் ஆன மாதிரி தெரிவோம். சொன்னா, உனக்கு வெள்ளைன்னா என்னன்னே தெரியாதும்பீங்க.

— இரு, இரு. ஆபரேஷன் பண்ணாத கண்ணைப் பொத்திக்கறேன்... நீலம். பண்ணின கண்ணைப் பொத்திக்கறேன்... வெள்ளை. மறுபடி மாத்தறேன்... நீலம். அடக் கடவுளே.

— டாக்டர்தான் ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னாரே. புரை விழுந்தா பார்க்கறதெல்லாத்துலயும் மஞ்சள் ஏறும், வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏறறதால ஆளுக்கே தெரியாதுன்னு. நீங்க எங்க கேட்டீங்க? அவர் கையில வச்சிருந்த டார்ச் என்ன மாடல்னு விசாரிச்சிட்டு இருந்தீங்க.

— அப்ப... மஞ்சள் மஞ்சள்னு நான் தள்ளிவிட்டதெல்லாம்?

— எனக்கென்ன தெரியும்? டெய்லர் அண்ணன் டார்ச்சைக் கொண்டு வரட்டுமா?

— அது எங்க இருக்கு? தூக்கிக் குப்பையில போடச் சொன்னேனே!

— நாலு வருஷமா சமையல்கட்டுலதான் இருக்கு. சிங்க்குக்கு அடியில குழாய் ஒழுகினா அதை வச்சுத்தான் பார்க்கறேன். இந்தாங்க, அடிச்சுப் பாருங்க... என்ன கலர் தெரியுது?

— வெள்ளை.

— சத்தமா சொல்லுங்க.

— வெள்ளைடி! தும்பைப்பூவாட்டம். இங்க பாரு, என் கை கை மாதிரியே தெரியுது. ரத்தம் ஓடற மனுஷன் கை.

— நூலையும் துணியையும் ஜோடி சேர்க்கறதுக்குன்னு அந்த மனுஷன் பாவம் கடையில உட்கார்ந்து, கையைச் சுட்டுக்கிட்டு அவரே ஈயம் பத்த வச்சுப் பண்ணினது. முதல் டார்ச்சை உங்களுக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். நீங்க என்ன பண்ணினீங்க? சங்கத்துல அத்தனை பேர் நடுவுல எழுந்து நின்னு 'காமாலை டார்ச்'னீங்க. அன்னையிலிருந்து அவருக்கே காமாலை டெய்லர்னு பேராகிப்போச்சு. சின்ன வயசுச் சிநேகம், ஒரே தெரு. இப்ப உங்களைக் கண்டா எதிர் ஓரமா போறார்.

— அவன் மட்டும் சும்மா இருந்தானா? 'நடுவருக்கு டார்ச் எதுக்கு, மண்டையே மின்னுதே'ன்னான்.

— உள்ளதைத்தானே சொன்னார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லி வச்சவன், உங்களைப் பார்த்துட்டுத்தான் சொல்லியிருக்கணும். நாளைக்குப் போய் தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

— என்னன்னு சொல்றது? பத்து வருஷமா நான் கொடுத்த தீர்ப்பெல்லாம் என் கண்ணுல இருந்த அழுக்குன்னா? என் பேச்சை நம்பி சங்கத்துல பாதிப் பேர் வீட்டுல பால்வெள்ளை வச்சிருக்கான். தோலை உரிச்சுடுவானுங்க. முடியாது. நீயும் மூச்சு விடாதே.

— எனக்கென்ன வந்தது? இருங்க, பெல் அடிக்குது... அட, வாங்கண்ணே! வாங்க வாங்க. ஏங்க, டெய்லர் அண்ணன் வந்திருக்கார், உங்களைப் பார்க்க.

— அவனா? அந்தக் காமாலையைத் தலகாணிக்கு அடியில தள்ளு. சீக்கிரம்!

— என்ன நடுவர் அவர்களே, மண்டையில கறுப்புக் கண்ணாடியெல்லாம் ஏறியிருக்கு? வெல்டிங் பட்டறையில வேலை கிடைச்சிருச்சா?

— வா, உட்காரு. நாலு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்.

— கண்ணுன்னு கேள்விப்பட்டேன், மனசு கேக்கலை. அதோட ஒரு விஷயமும் சொல்லணும். ஒரே வெட்டா சொல்லிடறேன், இல்லாட்டி பிரிஞ்ச தையல் மாதிரி இழுத்துக்கிட்டே போகும். அன்னைக்கு நீ சொன்னது சரிடா.

— எது?

— என் டார்ச் மஞ்சள்தான்.

— என்ன சொன்னே? மறுபடி சொல்லு.

— காதுக்கும் ஆபரேஷன் பண்ணணுமா உனக்கு? மஞ்சள்தான்ங்கறேன். போன மாசம் கடையில அடிச்சுப் பார்க்கறேன், புது வெள்ளைத் துணி பழைய கைப்பிடித்துணி மாதிரி தெரியுது. நீ அன்னைக்கே சொன்னே, எனக்குத்தான் உறைக்கலை.

— ஹ்ம்... அது வந்து, எல்லாருக்கும் அந்தக் கண்ணு அமையாதுப்பா. அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல.

— ஏங்க!

— நீ போய் காபி போடு.

— போட்டு ஆத்தியாச்சு. நான் இங்கதான் நிப்பேன்.

— திட்டாதே தங்கச்சி, அவன் சொல்றதுல என்ன தப்பு? நாளைக்கு நானும் மீட்டிங்குக்கு வர்றேன்டா. என் டார்ச்சைத்தான் பெட்டியில வைக்கணும்னு கொஞ்சம் பேர் ஒத்தக்கால்ல நிக்கறானுங்க. வேணாம்ப்பா, நடுவர் சொன்ன பால்வெள்ளையே இருக்கட்டும்னு நானே எழுந்து சொல்லிடறேன். அப்புறம் கடையில மிச்சம் இருக்கறதையெல்லாம் சுத்தியலால ஒரே போடு.

— உடைக்கப் போறியா? அவ்வளவு தூரம் போகணுமா?

— மஞ்சள் டார்ச்சை வச்சுக்கிட்டு என்னத்தைப் பண்றது? நீயே சொல்லு, நடுவர்.

— அது... உன் இஷ்டம். ஆனா இது பெரிய மனசு. உன் பெரிய மனசை நான் பாராட்டறேன்.

— ஏங்க, இது அடுக்குமா?

— அவனா வந்தான், அவனா சொல்றான். உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?

— விடு தங்கச்சி. எப்படியும் கடையையே மூடிடலாம்னு இருக்கேன், அப்புறம் டார்ச் இருந்தா என்ன, போனா என்ன.

— கடையையா? ஏன்டா?

— கஸ்டமருங்க சரியில்லடா. போன வாரம் ஒருத்தன் கறுப்பு கோட்டு கொடுத்தான். கறுப்பு நூல் போட்டு ஜம்முன்னு தைச்சேன். நீல நூல்ங்கறான்! இன்னொரு அம்மா, வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பட்டன் வச்சுக் கொடுத்தா, சந்தனக் கலர்னு மூஞ்சில விட்டெறியறாங்க. ஊர்ல ஒருத்தனுக்கும் கண்ணு சரியில்லை. கண்ணு போன ஊர்ல தையல்காரனுக்கு என்ன பொழப்பு? இதுல பொழுது சாஞ்சா எதிர்ல வர்ற வண்டி லைட்டைச் சுத்தி வளையம் வளையமா வேற வருது. என்ன கருமத்தை மாட்டறானுங்களோ.

— வளையமா?

— தட்டு சைஸுக்கு.

— ஏங்க, உங்களுக்கும் முன்னாடி இப்படித்தானே...

— கொஞ்சம் வாயை மூடு. டேய், நூல் ஏதாவது வச்சிருக்கியா?

— மீன்காரிகிட்ட மீன் இருக்கான்னு கேப்பே போல. சட்டைப் பையில எப்பவும் கிடக்கும், இந்தா.

— இது என்ன கலர்?

— கறுப்பு.

— நல்லாப் பாரு.

— அட்டக் கறுப்புடா.

— ஜன்னல்கிட்ட போய்ப் பாரு.

— ஜன்னல்கிட்ட போனா கறுப்பு வெளுத்துடுமா? என்னடா, உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— கண்ணை யார்கிட்டயாவது காட்டினியா நீ?

— என் கண்ணுக்கு என்ன? இப்பவும் ஒரே குத்துல ஊசியில நூல் கோத்துடுவேன். கோளாறு டார்ச்சுலதான். அதுவும் யார் சொன்னது? நீ சொன்னது. நடுவர் சொன்னா அப்பீல் உண்டா?

— டேய்... அது மஞ்சள் இல்லடா.

— என்ன?

— மஞ்சள் இல்லைங்கறேன். உன் டார்ச் இதோ தலகாணிக்கு அடியில கிடக்கு, நீ வர்றதுக்கு முன்னாடிதான் அடிச்சுப் பார்த்தேன். தும்பைப்பூ. அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்கு. என் கண்ணுலதான் புரை. அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு உன்னை அத்தனை பேர் நடுவுல நிக்க வச்சு அசிங்கப்படுத்தினேன். நான் தலையில தூக்கி வச்சு ஆடினேனே பால்வெள்ளை, அது நீலம்டா, சொட்டு நீலம். இப்ப அதே கர்மம் உனக்கும் வந்திருக்கு. இந்த நூல் கறுப்பு இல்லை. வெள்ளைத் துணி மஞ்சளாத் தெரியறதும், லைட்டைச் சுத்தி வளையம் வர்றதும், எல்லாம் எனக்கு வந்த அதே புரை. நாளைக்குக் காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற. கடையை மூடறானாம், டார்ச்சை உடைக்கறானாம். கொன்னுடுவேன்.

— நாளைக்கு உனக்கு மீட்டிங் இருக்கே?

— மீட்டிங் கிடக்குது கழுதை! போன்லயே சொல்லிடறேன், பெட்டியில உன் டார்ச்சைத்தான் வைக்கணும்னு. பத்து வருஷமா நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு கிடந்துச்சுன்னும் சேர்த்தே சொல்லிடறேன். சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான். நான் டார்ச் பார்க்கலேன்னா ஒரு குடியும் முழுகாது. நீ நூல் பார்க்க முடியலேன்னா என்னடா பண்ணுவே?

— அழறியா?

— மருந்து ஊத்தினது.

— சரி, இன்னொரு வாட்டி சொல்லு.

— எதை?

— என் டார்ச் என்ன கலர்?

— வெள்ளைடா. வெள்ளை, வெள்ளை. போதுமா?

— போதும்டா. இந்த நூல் நேவி ப்ளூ, தங்கச்சி கையில இருக்கற காபி டம்ளர் வெளிர் பச்சை, போன வாரம் இவ என் கடைக்கு வந்து, 'இப்படிச் சொன்னாத்தான்ண்ணே அவர் வாயிலிருந்து உண்மை வரும்'னு எனக்கு ஒண்ணு ஒண்ணா சொல்லிக்கொடுத்தப்ப, வந்ததுக்கு ஒரு சாக்கா தைக்கக் கொடுத்துட்டுப் போன கர்ட்டன் மயில் கழுத்துக் கலர்.