ரிவர்ஸ் விழாத வண்டியும் பழனாத்தாள் அம்மையாரும்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, சூலூரிலிருந்தும் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்தும் வந்திருக்கும் நிர்வாகிகளே, வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் லாரி உரிமையாளர்களே, ஓட்டுநர்களே, சுமைதூக்கும் தோழர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லோகப்பிரியா அம்மணி அவர்களே! இந்தச் சங்கத்தின் செயலாளர் வேங்கடசாமி, உங்கள் முன் கனத்த நெஞ்சோடு நிற்கிறேன்.

டீசல் விலைக்காக இதே கருமத்தம்பட்டி மண்டபத்தில் முழங்கியிருக்கிறேன். வரி உயர்வுக்காக முழங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் மேடையில் பொருளாளர் நாற்காலியில் பழனாத்தாள் அம்மையார் இருப்பார். இன்று அவருடைய படத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நான் பேசுகிறேனே, இதற்கா இத்தனை காலம் பேசிப் பழகினேன்!

தொண்ணூற்று இரண்டில் அவருடைய கணவர் மாரடைப்பில் போனார். இருந்தது இரண்டு லாரி. கைம்பெண்ணுக்கு லாரித் தொழில் எதற்கு, விற்றுவிடு என்றார்கள் உறவினர்கள். "வித்துப்போட்டு நான் எங்கீங்க போறது? ரெண்டு டிரைவருங்க எங்கீங்க போவாங்க?" என்று கேட்டார் அம்மையார். வண்டிகள் ஓடின. ஓடின என்றால் ஒழுங்காக ஓடின. அந்த ஒழுங்கு நமக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது என்பதையும் இன்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

போன தீபாவளி நேரம். சூரத்துக்கு நூல் பேல் மூட்டைகளை ஏற்ற அவருடைய வண்டி நிற்கிறது. ஓட்டுநர் மெஹராஜ் பாய் ரிவர்ஸ் போடுகிறார். கறகறவென்று கியர் அரைக்கிறது. அம்மையார் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. இன்ஜினை ஆஃப் பண்ணிப்போட்டு கியரைப் போட்டா பேசாம விழுந்துருமுங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக்கலாமுங்க" என்கிறார் பாய்.

"விழுமுங்க பாய். கிளட்ச் விடாத வண்டியை கியர்ல வெச்சு சாவியைத் திருப்புனா அது எங்க பாயும்? பின்னால நிக்கறவங்க மேலதானுங்களே?"

அவ்வளவுதான். சீசன் லோடு வேறு வண்டிக்குப் போனது. அவர் வண்டி பட்டறைக்குப் போனது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், கிளட்ச் பிளேட் நெளிந்திருக்கிறது. காலால் மிதித்தாலும் இன்ஜின் பிடியை முழுசாக விடாது. உள்ளே பல்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற சக்கரத்தை நிற்கிற சக்கரத்தில் கொண்டுபோய் அழுத்தினால் அரைக்காமல் என்ன செய்யும்? பல்லெல்லாம் மழுங்கிப்போன அந்தச் சக்கரத்தை அம்மையார் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். "கத்துற வண்டியை வெளிய உடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கறனுங்க" என்றார். நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். "அம்மணி பட்டறையே வெச்சிரலாம்" என்று ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. அவர் கோபிக்கவில்லை. சக்கரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தோழர்களே! போன செவ்வாய்க்கிழமை சூலூரில் ஒரு நூல் குடோன் முற்றத்தில் நான் இருந்தேன். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

வேறொருவருடைய லாரி பேல் ஏற்ற வந்தது. ஓட்டுநர் அங்கப்பன். ரிவர்ஸ் கியர் விழவில்லை, அரைத்தது. அவர் இறங்கிவந்து குடோன் போனில் தன் முதலாளியைக் கூப்பிட்டார். பக்கத்தில் நான் நிற்கிறேன். "கிளட்ச் சுத்தமா விட மாட்டேங்குதுங்க. போன வாரமே சொன்னனுங்களே. பட்டறைக்கு உடறனுங்க" என்றார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "லோடை ஏத்து. இல்லீன்னா சாவியைக் குடுத்துப்போட்டுப் போ. ஓட்டறதுக்கு ஆளா இல்லை?"

அங்கப்பன் போய் வண்டியில் ஏறினார். இன்ஜினை நிறுத்தினார். கியரைப் போட்டார். கிளட்சை மிதித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்பினார். வண்டி பின்னால் பாய்ந்தது.

பின்னால், குடோனில் வேலை செய்யும் சென்னியம்மாள் குனிந்து, சிதறிக் கிடந்த பஞ்சைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். தன் வண்டிக்கு லோடு ஏற்ற வந்து, குடோன் கணக்கரிடம் பேசிக்கொண்டிருந்த அம்மையார் ஓடினார். சென்னியம்மாளைப் பிடித்துத் தள்ளினார். அவர் தப்பினார், இவர் லாரிக்கும் லோடு ஏற்றும் மேடைச் சுவருக்கும் நடுவில் சிக்கினார்.

நினைவு இருந்தது. "வண்டியை முன்னால எடுக்கச் சொல்லுங்க" என்றார். அங்கப்பன் அதற்குள் இறங்கி அம்மையாரிடம் ஓடிவந்துவிட்டார். அம்மையாரின் வண்டியோடு வந்திருந்த மெஹராஜ் பாய்தான் ஏறி எடுத்தார். ஐயோ, முன்னால் போக அந்த வண்டி ஒரு முனகலும் முனகவில்லை! மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அம்மையாரின் உயிர் பிரிந்துவிட்டது.

யார் கொன்றது? போலீசார் அங்கப்பன்மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். வண்டி முதலாளி ஆளுயர மாலை அனுப்பிவிட்டு, தனக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று என் வீட்டுக்கும் அவருடைய ஆள் வந்தது. "சங்கத்து ஆளு நம்ம ஆளையே மாட்டிவிடலாமுங்களா? போன்ல பேசுனதை மறந்துருங்க" என்றது. மறப்பதா? பழனாத்தாள் அம்மையார் நமக்கு அப்படியா நடந்து காட்டினார்? நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வேன். அங்கப்பன் சொன்னார், முதலாளி கேட்கவில்லை என்று உரக்கச் சொல்வேன். அதற்காகச் செயலாளர் பதவி போகுமென்றால் போகட்டும்!

உரிமையாளர்களே, உங்களிடமும் ஓர் உறுதி கேட்கிறேன். ரிவர்ஸ் கத்துகிறது என்று ஓட்டுநர் சொன்னால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். அவருடைய வேலைக்கும் தினப்படிக்கும் சங்கம் பொறுப்பு. தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மையாருடைய இரண்டு லாரிகளையும் இனி லோகப்பிரியா அம்மணி நடத்துவார். அந்த வண்டிகளுக்கு லோடு மறுக்கிறவர்கள் முதலில் என்னிடம் வந்து பேசட்டும்.

கடைசியாக ஒன்று. அன்று அங்கப்பனை அடிக்கக் கை ஓங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். ஜாமீனில் வந்த அவர் அரைமணி நேரமாக வாசலுக்கு வெளியே, உள்ளே வரத் துணிவில்லாமல் நிற்கிறார். லோகப்பிரியா அம்மணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்கம்மா இருந்திருந்தா அவரை இப்படி நிக்க உட்டிருக்காதுங்க மாமா. மொதப் பூவை அவரே போடட்டும்."

அங்கப்பன் அவர்களே, உள்ளே வாருங்கள். அம்மணி எழுந்து உங்களை அழைத்துவரப் புறப்பட்டுவிட்டார். நடுவில் இருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.