நவம்பரில் மணல் இல்லை

"ஹலோ!... ஹலோ, ஆமா... ஆமா, ஆமா, எர்மலின்தான் பேசுறேன். சேபாத் தீவுல இந்தப் பேர்ல ஒருத்திதான் இருக்கா... யாரு, மிஸ்டர் லென்னார்ட்டா? ஆம்ஸ்டர்டாம்ல இருந்தா? ஒரு நிமிஷம், எண்ணெய் காயுது... ம், சொல்லுங்க... தெரியும். அவர் உங்களுக்குப் புகார் எழுதிட்டார்னு தெரியும். என் வராந்தாவுல உக்காந்துதானே எழுதினார்! நாற்காலி என்னுது, காபி என்னுது, கோபம் மட்டும்தான் அவரோடது..."

விண்ட்வர்ட்சைட் ஊரின் மலைச்சரிவில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறவள் எர்மலின். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம் என்று அவளைப் பிடித்தவர்கள் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். லென்னார்ட் என்பவன் சாகசப் பயணங்களுக்கு ஆள் பிடிக்கும் கம்பெனிக்காரன். 'யாருக்கும் தெரியாத ஐந்து கரீபியன் தீவுகள்' என்று இந்த வருஷம் ஒரு பட்டியல் போட்டு, அதில் சேபாவை மூன்றாவதாக வைத்திருந்தான். அந்தப் பட்டியலை நம்பி வந்த முதல் விருந்தாளிகள், நேற்று மாலை கனடாவிலிருந்து வந்து இறங்கிய பெட்ரி தம்பதி. விமானத்தை விட்டு இறங்கியதும் பெட்ரி கேட்ட முதல் கேள்வி, கடற்கரை எங்கே என்பதுதான்.

"இல்ல... இல்லவே இல்ல, நான் எதையும் மறைக்கல. நானேதான் வெல்ஸ் பே கடற்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு வந்தார், பாவம்... என்ன இருந்துச்சா? பாறை இருந்துச்சு. ஒவ்வொண்ணும் மாட்டுத் தலை சைஸ்ல... மணலா? மணல் போயிருச்சு... போயிருச்சுன்னா போயிருச்சு! போன மாசம் பெரிய அலை வந்துச்சு, வாரிக்கிட்டுப் போயிருச்சு... திருட்டா? மணல யாருய்யா திருடுவா? கடல் கொண்டு வருது, கடலே கொண்டு போகுது. ஏப்ரல் மே வாக்குல வரும், மழைக்காலம் முடியுறதுக்குள்ள போயிரும். வருஷா வருஷம் நடக்குறதுதான்..."

அவள் சொன்னது சத்தியம். அந்தத் தீவில் கடற்கரை என்பது விருந்தாளி மாதிரி. வந்தால் ஊரே போய்க் குளிக்கும், போனால் யாரும் தேட மாட்டார்கள். லென்னார்டின் கம்பெனி அனுப்பிய படிவம் ஜூன் மாதம் வந்தது. 'மணல் கடற்கரை உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. எர்மலின் 'உண்டு' என்று எழுதினாள். எந்த மாசம் என்று எழுதவில்லை. மாமரத்துக்காரனிடம் மாம்பழம் உண்டா என்றால் உண்டு என்பான், டிசம்பரில் இருக்காது என்று கூடவே சொல்லத் தோன்றுமா? சேபாவில் யார் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

"தப்புத்தான். நான் ஒத்துக்குறேன்... ஆமா, ஒத்துக்குறேன்னு சொல்றேன்ல! மாசத்த எழுதியிருக்கணும். எழுதல. அது என் தப்பு... ஆனா நீங்க கேட்டிருக்கணும். கேக்கல. அது உங்க தப்பு. பாதி பாதி... சிரிக்காதீங்க. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். உங்க கம்பெனி நடத்துறது என்ன பயணம்? சாகசம்! சாகசம்னு கூப்பிட்டு மணல்ல குப்புறப் படுக்கவா ஆள் அனுப்புறீங்க? இங்க விமானம் வந்து இறங்குறதே சாகசம்தான்யா. ஓடுதளத்துக்கு ரெண்டு முனையிலயும் பாறை, கீழ கடல். நேத்து விமானப் படி இறங்கும்போது உங்க பெட்ரி சாமி கும்பிட்டார், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன்... மலைக்குப் போங்க, ஆயிரத்துக்கு மேல படி. உச்சில நின்னா மேகம் மூக்குக்குள்ள போகும். தண்ணிக்குள்ள முங்குங்க, என் கொழுந்தன் கூட்டிட்டுப் போவான், ஆமை வந்து மூஞ்சிய மோந்து பாக்கும்... அவருக்கு மணல்தான் வேணுமா? அப்ப அவர வேற தீவுக்கு அனுப்புங்க. நான் என்ன கால்லயா கட்டி வச்சிருக்கேன்?"

பெட்ரி வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு கடலை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுப்படிப் பக்கமாக எட்டிப் பார்த்தாள். எர்மலின் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பொரிந்த ஜானி கேக் ரொட்டி இரண்டை ஒரு தட்டில் வைத்து, வதக்கிய கருவாட்டையும் கொஞ்சம் அள்ளி வைத்து அவளிடம் நீட்டினாள்.

"ம்... கேக்குறேன்... ஒன்றரை மணி விமானமா? ஏற்பாடு பண்ணியாச்சா? நல்லது. பெட்டிய நானே கொண்டு போய் ஏத்தி விடுறேன். வயித்துக்குப் போட்டுத்தான் அனுப்புவேன், அத எழுதிக்குங்க... வேற என்ன?... என்ன கடுதாசி?... ஆமா, காலையில போன்ல என்னமோ வந்துச்சு. கண்ணாடி இல்லாம படிக்கல. நீங்களே படிங்க... ம்... ம்... 'கீழே கையெழுத்திட்டுள்ள நான்'... ம்... ஆமா, நாந்தான்... என்ன? திரும்பப் படிங்க... 'தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்தேன்'... யாரு? நானா?... இருங்க. இருங்க தம்பி. அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்."

மிஸ்டர் என்பது போய்த் தம்பி வந்துவிட்டது. அவளிடம் அறை எடுத்துத் தங்கியவர்களுக்குத் தெரியும், தம்பி என்று தொடங்கினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"ஹலோ. இருக்கீங்களா?... நல்லது. இப்பக் கேளுங்க. தப்புப் பண்ணினேன்னு எழுதுங்க, போடுறேன். மறந்துட்டேன்னு எழுதுங்க, போடுறேன். மூளையில்லாதவள்னு எழுதுங்க, அதுக்கும் போடுறேன். தெரிஞ்சே பொய் சொன்னேன்னு போட மாட்டேன்... மாட்டேன்... வக்கீல் கேக்குறாரா? அவருக்கும் சேத்துத்தான் சொல்றேன், மாட்டேன்... ஓ, பெட்ரி கேஸ் போட்டா கம்பெனி தப்பிக்கணும், அதுக்கு ஒரு திருடி வேணும். தப்பு நடந்தா நீங்க ஏமாந்த பிள்ளைங்க, நான் ஏமாத்துன கிழவி... என் பேரு எர்மலின், தம்பி. எனக்கு அம்பத்தெட்டு வயசு. இந்தத் தீவுல ரெண்டாயிரம் பேரு. ஒருத்தர் வாயில இருந்து என்னப் பத்தி அந்த வார்த்தைய வர வைங்க பாப்போம்!... என்ன?... என்ன சொன்னீங்க?"

அவள் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நின்றுகொண்டே கேட்கிற சேதியாக அது இல்லை. மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டால் அவளுடைய விடுதியை மட்டும் நீக்குவார்களாம். போடாவிட்டால் சேபாவையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பதினோரு குழுக்கள் வருவதாக இருந்தது. அவற்றில் எர்மலின் வீட்டுக்கு வருவது இரண்டே இரண்டு. மற்றவர்களெல்லாம் ஊரார் விருந்தாளிகள். அவர்களை நம்பித்தான் அவள் கொழுந்தன் வில்மத், இருந்த பழைய படகைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு பேர் உட்காரும் படகாக வாங்கியிருந்தான்.

"அதென்ன நியாயம்?... இல்ல, அதென்ன நியாயம்னு கேக்குறேன். நான் மாசம் எழுதலன்னா வில்மத் படகு ஏன் சும்மா கிடக்கணும்?... நீங்க முடிவு பண்ணலயா, மேல இருக்குறவங்களா? மேலன்னா எங்க, மாடியிலயா? கூப்பிடுங்க, பேசுறேன்... பயமா? ஆமாய்யா, பயமாத்தான் இருக்கு. உங்களுக்கு அஞ்சு தீவுல ஒண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு... இருங்க, ஆள் வருது. வைக்காதீங்க, பேச்சு முடியல."

வந்தவன் வில்மத்தேதான். பெட்ரி தம்பதியை ஆமை பார்க்கக் கூட்டிப்போக, புதுப் படகைக் கழுவி வைத்துவிட்டு வந்திருந்தான். எர்மலின் போனை மூடவில்லை. லென்னார்டும் கேட்கட்டும் என்று அடுப்புத் திட்டின் மேல் வைத்துவிட்டுப் பேசினாள்.

"உக்காரு வில்மத்... இல்ல, உக்காரு மொதல்ல. படகு போகல இன்னைக்கு. ஆம்ஸ்டர்டாம் தம்பி லைன்ல இருக்கார். நான் தெரிஞ்சே பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா ஊரு பட்டியல்ல இருக்குமாம். குடுக்கலன்னா ஊரையே எடுத்துருவாங்களாம்... பதினொண்ணும்தான்... ஆமா, ஜனவரியும் சேத்துத்தான்... ம். ம்... என்ன சொன்னே?... ஒரு கையெழுத்துதானே, போட்டா என்னவா?"

வில்மத் கெட்டவன் இல்லை. மூன்று பிள்ளைக்காரன். கடுதாசி ஆம்ஸ்டர்டாமில் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கப்போகிறது, யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள் அண்ணி என்று தலையைக் குனிந்தபடி கேட்டான். எர்மலின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது, அதைவிட வருத்தம் வந்தது.

"சரிடா. போடுறேன். உனக்காகப் போடுறேன்... நெசமாத்தான் சொல்றேன். ஆனா நீயும் பக்கத்துல போடணும்... ஏன்னா என்ன ஏன்? அந்தப் படிவத்த நான் எங்க உக்காந்து நிரப்புனேன்? வெல்ஸ் பேல, மணல்ல, உன் பழைய படகு நிழல்ல. 'மணல் இருக்கான்னு கேக்குறான்டா, என்ன எழுதட்டும்'னு கேட்டேன். நீ என்ன சொன்னே?... சொல்லு, தம்பி லைன்ல கேக்கட்டும்... 'பின்ன எது மேல உக்காந்திருக்கீங்க அண்ணி?'ன்னு சிரிச்சியா இல்லையா? அப்ப ரெண்டு பேரும் பொய்யர்தான். வா, ரெண்டு பேரும் போடுவோம். தெரிந்தே பொய் சொன்னோம், எர்மலின், வில்மத். உன் மூத்தவன் பேரும் வில்மத்துதானே, பொய்யன்ங்கிற பேரு அவனுக்கும் ஆகும்."

வராந்தாவில் திருமதி பெட்ரி மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். வில்மத் எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, போனுக்கு அருகில் குனிந்து, பட்டியலை எடுத்துத் தொலைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனான். போகிற போக்கில் பெட்ரியின் பெட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான்.

"ஹலோ... கேட்டுச்சா தம்பி?... இல்ல, லைன் எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்களுக்குத் தெளிவாக் கேட்டுச்சு. அதான் பதில்... ஆமா, ஆமா, எங்களுக்கு நட்டம்தான், தெரியும். இந்தக் குளிர்காலம் கஷ்டம்தான். போன வருஷம் உங்க பட்டியல் இல்லாமத்தான் இருந்தோம், அதுக்கு முன்னாடியும் இல்லாமத்தான் இருந்தோம்... எடுங்க. தாராளமா எடுங்க. யாருக்கும் தெரியாத தீவுன்னு போட்டிருந்தீங்கல்ல? எடுத்துட்டா இன்னும் நல்லாத் தெரியாமப் போகும்... நான் கத்தல. இது என் சாதாக் குரல்..."

லென்னார்ட் வைத்துவிட்டானோ என்று எர்மலின் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பேசிய குரல் கம்பெனிக் குரலாக இல்லை.

"ம்?... என்ன?... சத்தமாப் பேசுங்க, பக்கத்துல யாரும் இருக்காங்களா?... ஓ, நீங்க கேக்குறீங்களா? கம்பெனி கேக்கல, நீங்க கேக்குறீங்க... ஆமா, நெசமாத்தான். ராத்திரி படுக்கும்போது பாறையா இருக்கும், விடிஞ்சு பாத்தா ஒரு ஓரத்துல கறுப்பா மணல் தெரியும். அப்புறம் நாளுக்கு நாள் ஏறும்... பாத்திருக்கேன், வருஷா வருஷம் பாக்குறேன்... இன்னும் அலுக்கல... தேதியா? தேதி சொல்லிட்டு வராது தம்பி. ஏப்ரல்ல வந்து காத்திருங்க, நாலாவது ரூம் உங்களுக்கு... உறுதியா வருமாவா?... வரும்... வரும்னு சொல்றேன்ல... என்னது?... மாட்டேன். அத எழுதி மட்டும் தர மாட்டேன்."

போனை வைத்தாள்.