நூறு இட்லி

ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும், புடவைமேல் கனத்த கோட் போட்டிருந்த அம்மா ஒருவர் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் சொன்னார்:

“நேத்து மட்டும் நூறு இட்லி அவிச்சேன் சார்.”

“வீட்டுல விசேஷமா?”

“குளிர் சார். சீனியர்ஸுக்கு ஹீட்டிங்குக்குக் குடுத்துட்டிருந்த உதவியை கட் பண்ணிட்டாங்களே. ஹீட்டர் போட்டா கரன்ட் பில் நம்ம தலையில. அடுப்பு கேஸ் வாடகையிலயே சேர்ந்துடுது.”

“எனக்கும் லெட்டர் வந்துதும்மா. கவர்மென்ட்கிட்ட பணம் இல்லையாம்.”

வெளியே சத்தமில்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தது.

“ஆவி கிளம்பினா ஜன்னலெல்லாம் வெள்ளையாயிடும் சார். நடுவுல நாற்காலியைப் போட்டு உக்காந்தா மேகத்துக்குள்ள இருக்கற மாதிரியே இருக்கு. கண்ணு தானா சொருகுது.”

“அவ்வளவையும் யாரு சாப்பிடறது?”

“அதான் தெரியல. ஃப்ரீசர் ரொம்பிடுச்சு.”

பெரியவர் கையுறையைக் கழற்றி விரல்களை வாயால் ஊதிக்கொண்டார். ஒரு ஸ்டேஷன் வந்து போயிற்று.

“எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இட்லி பிடிக்காதும்மா,” என்றார். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டே கேட்டார்:

“நாளைக்கு எத்தனை மணிக்கு அடுப்பு பத்தவைப்பீங்க?”