நடுக்கட்டு வைஃபை

“நடுவுல வைக்கணும்னா அவ அடுப்படியிலதான் வைக்கணும்,” என்றார் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள். சின்னமனூரிலிருந்து தேனி போகும் பேருந்து. அவர் மடியில், வைஃபை சிக்னலைத் தூரத்துக்கு நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் பெட்டி. வேலை செய்யவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறார்களாம்.

“பின்கட்டுல சிக்னலே இல்ல. அங்கன கொண்டுபோய் மாட்டுனா அது எதை இழுத்துக் குடுக்கும்?” என்றார் கணவர். “ரூட்டரு முன்கட்டுல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டணும்.”

“முன்கட்டும் பின்கட்டும்தான் நமக்கு, நடுக்கட்டு உங்க அண்ணன் பங்கு. உங்க மதினிகூட நான் பேசி ரெண்டு வருசமாச்சு.”

“நாளைக்குப் பிள்ளைக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ. அது முன்கட்டுல தெருச் சத்தத்துல உக்காந்து பேசட்டுமா?”

வீரபாண்டி தாண்டியதும் அந்த அம்மாள் பெட்டியைக் கணவர் மடிக்கு மாற்றினார். பிறகு, “போனைப் போட்டுக் குடுங்க,” என்றார்.

“அக்கா, நான்தான். பிள்ளைக்கு நாளைக்கு இன்டர்வியூ. உங்க அடுப்படியில ஒரு பிளக்பாயிண்ட் வேணும்.”

அதன்பின் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“மதினி என்ன சொன்னாக?”

“இந்தப் பெட்டியெல்லாம் எதுக்குடின்னாக. அவுக வைஃபையே பின்கட்டுக்கு நல்லா எட்டுமாம். போன வருசம் வாங்கும்போதே நம்ம பிள்ளை பேரத்தான் பாஸ்வேர்டா வச்சாகளாம்.”

வீட்டார் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது என்பது விதி. அலுவலகக் கணினிப் பிரிவில் பணியில் இருந்தபோது அதற்குச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறேன். அன்று பேருந்தில் அந்த விதியை எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை.