கிட்டப் போனா முழிக்கிற லென்ஸு

ஏங்கக்கா, கிட்ட இருக்குறதைக் காட்டுறதுக்குன்னே ஒரு லென்ஸை வாங்குறோம், அது கிட்டப் போனா மட்டும் திருதிருன்னு முழிச்சா என்ன பண்ணுவீங்க? இல்ல, நீங்களே சொல்லுங்க! மடியில போட்டுக் கொஞ்சுவீங்களா?

அதான் இங்க வந்து தவம் கெடக்குறேன். ரிப்பேர் பாக்குறவரு சாப்பிடப் போயிருக்காராம். இதோ வந்துடுவாருன்னு கல்லாவுல இருக்குற பொண்ணு சொல்லுது. அந்த 'இதோ' எவ்வளவு நீளம்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. உங்களுக்கு என்னக்கா... ஓ, பிரிண்டரா? அது தேவலை. பேப்பரை மென்னு துப்பும், துப்பிட்டேன்னு ஒத்துக்கும். இது அப்படியா? பாக்க பளபளன்னு பரமசாது மாதிரி இருந்துக்கிட்டே கழுத்தை அறுக்கும்.

மேக்ரோ லென்ஸாம். பூவு, பூச்சி, மோதிரக் கல்லு, இப்படிப் பொடிப்பொடியா இருக்குறதைப் பெருசாக் காட்டுறது. பேரு மட்டும் பெருசுதான்! வித்தவன் வாயில வெல்லம். "மேடம், இதுல எறும்பைப் பாத்தா அது உடம்புல எத்தனை முடின்னு எண்ணலாம்"ங்கிறான். எறும்பு முடியை எண்ணி நான் என்ன ஜடையா பின்னப் போறேன்?

எனக்கு வேண்டியது முடிச்சுக்கா. நூல் முடிச்சு. நான் கம்மல் பின்னுறேன். ஒத்தைக் கொக்கி ஊசி, தையல் நூலு, அவ்வளவுதான். சின்னவ தூங்குறப்ப உக்காந்தேன்னா ஒரு ஜோடி முடிச்சுடுவேன். இந்தா, பாருங்க... மிளகு அளவு பூவு. இந்த ஒரு பூவுக்குள்ள முடிச்சு முடிச்சா இருக்கு. தெரியலைல்ல? அதானே வினை! துணிக்கடை நடத்துற அம்மா ஒருத்தங்க, கடை முழுக்க வெக்கக் கம்மல் வேணும்னாங்க. ஆனா என் ஓரகத்தி இருக்காளே, என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, அவளும் அதே அம்மாகிட்ட போய் நிக்குறா. மிஷின்ல போட்டதை மொத்தமா வாங்கி வந்து, "ராப்பகலா கையாலயே பின்னுனேங்க, கண்ணே போச்சு"ன்னு கதை அளக்குறா. கண்ணு போச்சாம்! அடுத்தவ வீட்டுக் குழம்புல உப்பு கூடிப்போனதை வாசல்லயே கண்டுபிடிக்கிற கண்ணு!

அந்த அம்மா ஊர்ல இல்லை. "யாரு கையால பின்னுறீங்களோ, முடிச்சு தெரியுற மாதிரி கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து ஒரு வாரத்துக்குள்ள அனுப்புங்க"ன்னுட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுது. கை முடிச்சு ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும். மிஷின் முடிச்சு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்கும். கிட்டப் பாத்தா சாயம் வெளுத்துடும். ஆனா கிட்டப் பாக்கணுமே! போன்ல எடுத்தா பஞ்சு உருண்டை மாதிரி வருது. அதுக்குத்தான்கா இந்த லென்ஸு.

கேமரா முன்னமே வீட்டுல இருந்துச்சு, இதோ லென்ஸை மாட்டியிருக்கேனே, இதுதான். என் வீட்டுக்காரரு கூட வேலை பாக்குறவருகிட்ட பழசா வாங்குனது. மிரர்லெஸ்ஸாம். உள்ள கண்ணாடி கெடையாதாம். எங்க வீட்டுக்காரரும் அதே ரகம்தான், மூக்குக்கண்ணாடி போட மாட்டாரு. என்ன, அவருக்கு அது இல்லைன்னா சாம்பார் எது, ரசம் எதுன்னு தெரியாது. வாஷிங் மிஷின் வாங்கலாம்னு இருந்தவரை நான்தான், "துணியை நான் கையால தோய்ச்சுக்குறேன், லென்ஸை வாங்குங்க"ன்னு மல்லுக்கு நின்னு வாங்க வெச்சேன். இப்ப துணியும் நான்தான் தோய்க்குறேன், லென்ஸையும் நான்தான் திட்டுறேன்.

கம்மலை வெச்சு, கிட்டப் போயி, பொத்தானை அழுத்துனா... கிர்ர்ருனு முன்னால போகுது. கிர்ர்ருனு பின்னால வருது. பேருந்துல எடம் தேடுற மாதிரி அலையுது, உக்கார மாட்டேங்குது! மங்கலா, மசமசன்னு ஒரு கறை. ஆனா இதைக் கேளுங்க, கூத்தை! ஜன்னல் பக்கம் திருப்புனா எதிர் மாடியில காயுற துணி, அதுல மாட்டுன கிளிப்பு, கிளிப்புல இருக்குற கம்பி, எல்லாம் பளிச்சுன்னு வருது. எங்க பெரிய மாமனாரு இப்படித்தான்கா. ஊருக்கெல்லாம் உத்தமரு, கூட இருக்குறவங்களைத்தான் கண்ணுக்குத் தெரியாது.

யோசனை சொல்றவனுங்களுக்குப் பஞ்சமா? போன்ல ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான், மூச்சை அடக்கிக்கிட்டு எடுக்கணுமாம். அடக்குனேன். சின்னவ பாத்துட்டு, "அம்மா மூச்சு விட மாட்டேங்குது"ன்னு தெருவையே கூட்டிட்டா. பக்கத்து வீட்டுக்காரரு செருப்புக் கூடப் போடாம ஓடியாந்தாரு. என் ஓரகத்தியும் வந்தா. மெதுவா, தேன் தடவுன குரல்ல, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"ங்கிறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? போனைப் போட்டு வித்தவனைக் கிழிகிழின்னு கிழிச்சேன். நெட்டுல அவன் கடைக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டு, 'ஏமாத்துக்காரன், நம்பாதீங்க'ன்னும் எழுதிட்டேன்.

கீழ கீழ போட்டிருப்பேனோன்னு நெனைக்காதீங்க. என் பொருளை நான் வெச்சிருக்குற மாதிரி யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. பெட்டியைப் பிரிச்சு மாட்டுனதும் மொத வேலையா அதுக்கு ஒரு உறை தைச்சுட்டேன்ல! இதோ, இதுதான். எப்படி இருக்கு? ரெண்டு பக்கமும் எலாஸ்டிக்கு. லென்ஸுக்கு சாக்ஸ் போட்ட மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கும், இழுத்தாலும் வராது. கையால திருகுற வளையம்னு ஏதோ இருந்துச்சு, அதையும் சேத்து மூடிட்டேன். நமக்கு எதுக்கு அதெல்லாம்? எங்க வீட்டுல ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக் கூட உறை. என் மாமியாரு மட்டும்தான் வெறுமனே இருக்காங்க.

மாட்டுன உறையைக் கழட்டுனதே இல்லைக்கா. உங்களுக்காகக் கழட்டுறேன், உள்ள பாருங்க, ஒரு கீறல் இருக்கான்னு. எப்பா... என்னா இறுக்கம்... என் தையல்னா தையல்தான். ஆங், வந்துருச்சு! பாருங்க, புத்தம் புதுசு. இதென்ன, பக்கத்துல ஒரு குட்டி விசை... ஏதோ எழுதியிருக்கு. எழுத்து எறும்பை விடச் சின்னது. நீங்க படிங்களேன், உங்களுக்குத்தான் கண்ணாடி இருக்கு...

என்னது? 'அரை மீட்டர்ல இருந்து'வா? அரை மீட்டர்ல இருந்து எதுவரைக்கும்? படுத்த எட்டு மாதிரின்னா... முடிவே இல்லாத தூரம்னா? அப்ப அரை மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்குறது அதுக்குத் தெரியாதா?

இருங்கக்கா. இருங்க.

பெட்டியைப் பிரிச்சப்ப இந்த விசை அந்தக் கோடியில இருந்துச்சு. இப்பதான் ஞாபகம் வருது. ஏதோ துருத்திக்கிட்டு இருக்கே, உறை மாட்டுறப்ப தடுக்குதேன்னு நான்தான்... எலாஸ்டிக்கை இழுத்து... இப்படி... இந்தப் பக்கமா தள்ளி...

ஐயய்யோ.

சிரிக்காதீங்கக்கா! ஒரு பொம்பளை பொருளைப் பத்திரமா வெச்சுக்கிட்டது ஒரு குத்தமா? கிட்டப் பாக்காதேன்னு நானே அதுக்குக் கடிவாளம் போட்டுட்டு, பாக்கலை பாக்கலைன்னு ஊரைக் கூட்டியிருக்கேன். அது பாவம், போட்ட உறைக்குள்ள புழுங்கிக்கிட்டு, விட்ட வழியில தூரத்துத் துணியைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அந்த ஒத்தை நட்சத்திரத்தை எப்படிக்கா அழிக்கிறது? அழிக்க முடியும்ல? மொதல்ல போட்டோவை எடுக்குறேன், வெளிச்சம் போயிடும்.

ஐயோ, எந்திரிக்காதீங்க! உங்க மடியில இருக்குற கறுப்புப் பை, அதுதான் வேணும். வெள்ளை நூலுக்கு அதை விட்டா வேற எடம் கெடைக்காது. இதோ, கம்மலை அது மேல வெக்கிறேன். விசையைத் தள்ளிட்டேன்... கிட்டப் போறேன்... இன்னும் கிட்ட... கிர்ருனு ஒரே ஒரு...

நின்னுருச்சு! அக்கா, நின்னுருச்சு! பாருங்க, முடிச்சைப் பாருங்க, கயிறு மாதிரி தெரியுது! ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. வரச் சொல்லுங்க என் ஓரகத்தியை! இந்த எடத்துல கொஞ்சம் கோணலாக் கூட இருக்கு, அதான் சின்னவ முழிச்ச நேரம். இருக்கட்டும், எந்த மிஷினுக்குப் பிள்ளை அழும்?

இன்னும் ஒண்ணே ஒண்ணு, பக்கவாட்டுல. என்னக்கா? ரிப்பேர்காரரு வந்துட்டாரா, உங்க டோக்கன் நம்பரைக் கூப்பிடுறாங்களா? கூப்பிடட்டும், பிரிண்டரு எங்கயும் ஓடிடாது. அசையாதீங்க... கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம இருங்கக்கா, நீங்க பேசப் பேச மடி ஆடுது!