கைய நீட்டு

— தப்பு. கைய நீட்டு, பிரிசி.

— என்னக்கா தப்பு? சரியாத்தான சொன்னேன்?

— நடுவுல "மத்லப்"னு சொன்ன. தமிழ்ல "அதாவது"ன்னு ஒரு வார்த்த இருக்குல்ல, அது வாயில வராதா? மெயின்லேண்ட்ல மலைமேல பெரிய போர்டிங் ஸ்கூல் நடத்துறவங்க அவங்க. ஜங்லிகாட் மீன் மார்க்கெட்ல பேசுற மாதிரி பேசுனா சீட்டு குடுப்பாங்களா? நீட்டு.

— ஸ்கேலால மெள்ள அடிக்கா... ஆ!

— மெள்ள அடிச்சா மறந்துருவ. மத்லப், வலிச்சாத்தான் மண்டைல நிக்கும்.

— இப்ப நீயும்தான் சொன்ன.

— எனக்கா இன்டர்வியூ? வாய்க்கு வாய் பேசாத. ரூல் என்ன? இந்தி வந்தா?

— நீ கேக்காமலே நான் கைய நீட்டணும்.

— ம். சலோ, முதல்லருந்து. நான்தான் அந்த ஸ்கூல் மேடம். உன் பேரு என்னம்மா?

— என் பேரு பிரிஸ்கில்லா. ஆறாங் கிளாசுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். போர்ட் பிளேர்ல ஜங்லிகாட்ல இருக்கோம்.

— முதுகு நிமிரட்டும். அப்பா என்ன செய்றாரு?

— அப்பா பேரு லாரன்ஸ். டிங்கிப் படகுல மீன் பிடிக்கப் போவாரு. அக்கா ஜோஸ்லின் தையக்கடையில வேல பாக்குது. மத்லப்... ஐயோ.

— பாத்தியா, நீயே நீட்டிட்ட. அவ்ளோதான், பழகிருச்சு.

— ஆ! அக்கா, இந்தக் கையில வேண்டாம், அது ஏற்கெனவே வீங்கியிருக்கு.

— அப்ப அந்தக் கையக் குடு. ம்... சரி. அம்மா எங்கம்மா?

— அம்மா குளச்சல்ல இருக்காங்க. மாமாவுக்கு உடம்பு சரியில்ல. பாத்துக்கப் போயிருக்காங்க.

— குட்.

— அப்பா அம்மாவோட கைய ஒடிச்சதக் கேட்டா?

— அரே, அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தான உண்டு. கிட்ட வா, கன்னத்துல நீலமா தெரியுது. பவுடர் வைக்கிறேன். இதக் கேட்டா?

— படகு ஜெட்டிப் படியில வழுக்கி விழுந்துட்டேன்.

— யோசிக்காம சொன்ன, நல்லது. யோசிச்சா பொய்னு தெரிஞ்சிரும். சரி, கடைசிக் கேள்வி. ஏன் எங்க ஸ்கூல்ல சேரணும்?

— உங்க ஸ்கூல்ல நல்ல லைப்ரரி இருக்கு. ஒழுக்கம் இருக்கு. நான் படிச்சு டாக்டராகி எங்க தீவுக்கே திரும்பி வருவேன். அக்கா, நான் டாக்டராகணுமா?

— அதெல்லாம் பொறவு. முதல்ல இங்கருந்து போ.

— அங்க நெசமாவே யாரும் அடிக்க மாட்டாங்களா?

— மாட்டாங்க. விசாரிச்சுட்டேன். அங்க டீச்சர் கை ஓங்குனா டீச்சரயே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

— டீச்சரயேவா?

— டீச்சரயே. அதுக்குத்தாண்டி இவ்ளோ பாடு. நான் இந்த வீட்ல வளந்தது போதும். நீ வளரக் கூடாது. நீ கப்பல்ல ஏறி நிக்கிறத நான் பாக்கணும், அவ்ளோதான், வேற எதுவும் எனக்கு வேண்டாம்.

— அக்கா... வெளிய யாரோ.

— எட்டி ஜோஸ்லின்! கதவத் தொறட்டி!

— அப்பாக்கா! குடிச்சிருக்காரு, கொரல் பாரு.

— மூச்சு விடாத. கொண்டி போட்டிருக்கு.

— உள்ளதான் இருக்கியன்னு எனக்குத் தெரியும்! தொறக்கியளா, இல்ல மீன் வெட்டுற கத்தியால கதவப் பொளக்கவா? எனக்க பிள்ளைய எனக்குத் தெரியாம மெயின்லேண்டுக்குக் கடத்துறியாமே! பக்கத்து ஒர்க்ஷாப்புல இருக்க அழகையா சொல்லித்தான் பெத்தவனுக்குத் தெரியணுமாட்டி?

— பட்டப்பகல்ல மானத்த வாங்காதீங்கப்பா. இப்ப ஸ்கூல்லருந்து வீடியோ கால் வரும். போங்க, போயி டிங்கில படுங்க.

— காலா? அந்த போனக் கொண்டா, கடல்ல எறியுதேன். உனக்க அம்ம என்னட்டி சொல்லிட்டுப் போனா? கை சரியானதும் வாறேன்னா. ஜெட்டியில நின்னு கையக் கையக் காட்டுனா. வந்தாளா? கப்பலேறுன ஒருத்தியும் எனக்குத் திரும்பி வரமாட்டா. இவளயும் விட மாட்டேன், கேட்டியா?

— ஏன் வரலன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்தக் கைய ஒடிச்சது யாரு? தலைய இந்தச் செவத்துல மோதுனது யாரு? ரத்தத்தத் தொடச்சது நான். எனக்குச் சொல்லித் தராதீங்க.

— அக்கா, கொண்டி ஆடுது! ஆணி கழண்டு விழுந்துருச்சு!

— கட்டிலுக்கு அந்தப் பக்கம் போ. போன விட்றாத!

— எங்கட்டி அவ? எட்டி பிரிசி, வா மக்கா, அப்பாகூட வா. வாட்டீன்னா!

— ஆ! முடி, முடி! அப்பா, வலிக்குதுப்பா!

— அவ முடிய விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல!

— கிட்ட வராத, ஜோஸ்லின். குத்திருவேன்.

— அக்கா, கத்தி!

— குத்துங்க. உங்க துடுப்பு எங் கையில இருக்கு. கத்தி எட்டுறதுக்கு முந்தி மண்டைய ஒடச்சிருவேன்.

— பெத்தவன அடிப்பியா? எங்க, அடி பாப்போ... ஆ!

— இது அம்மாவுக்கு!

— எட்டி! எட்டி, கண்ணு தெரியல...

— இது எனக்கு! இதுவும் எனக்கு!

— அக்கா, போதும்! கத்தி விழுந்துருச்சுக்கா! அப்பாவும் விழுந்துட்டாரு! அக்கா, ரத்தம் தரையெல்லாம் வருது, நிறுத்துக்கா!

— நடிக்காதீங்க. எந்திரிச்சு வெளிய போங்க.

— ஹா... நல்லாத்தான் விழுது. எனக்க கையாக்கும் உனக்கு. எங்கடா போச்சுன்னு பாத்தேன். அப்படியே எனக்க கை.

— வாய மூடுங்க! உங்களோட ஒண்ணும் எங்கிட்ட கெடையாது. பிரிசி, அந்தக் காலப் புடிச்சு இழு. ம், இன்னும். வாசலத் தாண்டட்டும். கதவச் சாத்து. தையல் மெஷினத் தள்ளிக் கதவுக்கு முட்டு குடு. சீக்கிரம்.

— அப்பா செத்துருவாராக்கா?

— அவராவது சாவுறதாவது. கேளு.

— எட்டி, ஒரு பீடியாவது குடுங்கட்டி... தல சுத்துது...

— கேட்டல்ல? அவ்ளோதான் அவருக்கு. கண்ணத் துடை. பவுடரெல்லாம் கரையுது.

— ஒண்ணுமே ஞாபகம் வரலக்கா. நாளைக்குப் பேசுறேன்னு சொல்லேன்.

— நாளைக்கா? நாளைக்கு இவரு வேற கத்தி கொண்டு வருவாரு. அழாத. சத்தம் வரக்கூடாது. நிறுத்துன்னு சொல்றேன்ல, நிறுத்து!

— ஆ! கன்னத்துல வேண்டாம்க்கா, அதே எடத்துல!

— ஐயோ... சாரிடி. சாரி. கை தானா போயிருச்சு. உனக்காகத்தான் தங்கம். வருது பாரு, கால் வருது. சிரி. நான் போனுக்குப் பின்னால நிப்பேன். என்னப் பாக்காத.

— ஹலோ, வணக்கம்மா. ஸ்கூல்லருந்து வைஜெயந்தி பேசுறேன். நான் தெரியுறேனா?

— தெரியுறீங்க மிஸ். வணக்கம் மிஸ்.

— யாரோ கதவத் தட்டுற மாதிரி கேக்குதே?

— பக்கத்துல ஒர்க்ஷாப் மிஸ்.

— ஓ, சரி. பயப்படாம பேசு. எழுத்துத் தேர்வுல பிரமாதமா பண்ணியிருக்க. இது சும்மா நம்ம ரெண்டு பேரும் பேசிக்கத்தான். எங்க ஸ்கூல்ல ஏன் சேரணும்னு நினைக்கிற?

— உங்க ஸ்கூல்ல நல்ல லைப்ரரி இருக்கு. ஒழுக்கம் இருக்கு. நான் படிச்சு டாக்டராகி எங்க தீவுக்கே திரும்பி வருவேன்.

— ரொம்ப நல்லா ஒப்பிச்ச. தப்பில்ல, எல்லாக் குழந்தைங்களும் இதத்தான் சொல்றாங்க. இப்ப உன் மனசுல இருக்கிறதச் சொல்லேன்.

— மனசுலயா?

— ஆமா. எது சொன்னாலும் மார்க்கு குறைக்க மாட்டேன்.

— உங்க ஸ்கூல்ல யாரும் அடிக்க மாட்டாங்களாம் மிஸ். மத்லப், டீச்சர்கூட...

— சொல்லும்மா. ஏன் நிறுத்திட்ட? என்னது, எதுக்குக் கைய நீட்டுற?

— சாரி மிஸ். இந்தி வந்துருச்சு.

— வந்தா வரட்டுமே. இங்க எங்க பிள்ளைங்க நாலு பாஷைய ஒண்ணா கலந்துதான் பேசுதுங்க, எங்களுக்கு அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. இரு, கைய எடுக்காத. கேமரா கிட்ட கொண்டு வா. உள்ளங்கையெல்லாம் இப்படித் தடிச்சிருக்கே!

— படகு ஜெட்டிப் படியில வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்.

— விழுந்தா இப்படிக் கோடு கோடா வராதும்மா. கன்னத்துலயும் வெரல் பதிஞ்சிருக்கு. எங்கிட்ட சொல்லலாம், நான் இருக்கேன். அப்பா அடிச்சாரா?

— இல்ல மிஸ். அப்பா குடிச்சாத்தான் அடிப்பாரு. அக்கா குடிக்காது.